கம்பளிக்குச் சூடு கிடையாது

கம்பளி சூடானது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. மனித குலம் கட்டிக்காத்துவரும் பிழைகளில் இதைக் காட்டிலும் பரவலானது வேறொன்று இருக்க முடியாது என்பது நெல்லையப்பனின் தீர்ந்த முடிவு. பூமி தட்டை என்று சொன்னவர்கள்கூடக் காலப்போக்கில் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள். கம்பளிக்காரர்கள் மூடவில்லை. கம்பளிக்குச் சூடு கிடையாது. கடையில் தொங்கும்போதும் கிடையாது, பெட்டியில் மடித்துக் கிடக்கும்போதும் கிடையாது. அது வெறும் வாசற்காவல். உள்ளே இருக்கிற சூட்டை வெளியே போகவிடாது, அவ்வளவுதான். உள்ளே ஒன்றுமே இல்லாத வீட்டுக்குக் காவல் போட்டு என்ன பயன்? ஆனால் இதை இப்போது உள்ளே போய் யாரிடம் சொல்வது? கூடத்தில் பெஞ்சின் மேல், தலைமாட்டில் விளக்கெரிய, அவன் மனைவியின் அண்ணன் சங்கரபாண்டியன் நேற்று அதிகாலையிலிருந்து படுத்திருக்கிறார். அவர் மனைவி பேச்சியம்மாக்கா இரண்டு கம்பளிகளைக் கொண்டுவந்து அவர் மேல் போர்த்தி, கழுத்துவரை இழுத்துவிட்டு, ஓரங்களை உடம்புக்கு அடியில் செருகியும் விட்டாள். “குளிர் தாங்கமாட்டாக” என்றாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். செத்தவருக்குக் குளிராது என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. அந்த நேரத்தில் நெல்லையப்பனுக்குத் தோன்றியது இன்னும் மோசமானது: ஒருவேளை குளிரும். குளிர்ந்தால், இந்தக் கம்பளிகளால் ஒரு உபகாரமும் இல்லை. அவரிடம் காவல் காக்க ஒன்றுமில்லை. சூடு வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

வெளியிலோ, கேட்டுக்கு உட்புறம், பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். முன்னால் நெருப்புச் சட்டி. சட்டிக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாற்காலி, காலி. விடிந்துவிட்டது. கிழக்கே மலை நின்றதால் வெயில் இன்னும் இந்தச் சரிவுக்கு வந்துசேரவில்லை. குன்னூருக்கு மேலே இந்தச் சந்தில் தை மாதத்து வெயில் எப்போதும் தாமதமாகத்தான் வரும். வந்து, விருந்தாளி மாதிரி வாசலோடு திரும்பிவிடும். புல் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. உறைபனி. தூத்துக்குடி உப்பளத்தில் மேற்பார்வை பார்க்கிறவனுக்கு வெள்ளைத் தரை புதிதல்ல. அங்கே வெள்ளை என்றால் சூடு. கண்ணைக் குத்தும், செருப்பைத் தாண்டிச் சுடும், பாத்திக்குள் இறங்கினால் காலில் சின்னக் கீறல் இருந்தாலும் உயிர் போகும். இது அதே வெள்ளை, ஆனால் வாயடைத்த வெள்ளை. சற்று முன் அவன் குனிந்து புல்லின் மேலிருந்ததை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். கை பழகிய பழக்கம். கரிக்கவில்லை. கரிக்காத உப்பு. செத்துப்போன உப்பை நாக்கில் வைத்துவிட்டது போல் இருந்தது, துப்பினான், பிறகு துக்க வீட்டு வாசலில் துப்பியதற்காகச் செருப்பால் தேய்த்தான். தேய்த்த இடத்தில் புல் பச்சையாகத் தெரிந்தது, அதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. யாராவது வந்தால் தேவலை. ஆண்கள் எல்லோரும் வண்டியெடுத்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்கியிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து கோயம்புத்தூரில் இறங்கி வந்துகொண்டிருந்த செந்தட்டி, செத்தவரின் ஒரே பிள்ளை, பர்லியாறு பக்கம் மரம் விழுந்ததில் மாட்டிக்கொண்டிருந்தான். சடங்கு செய்ய வந்த இசக்கி மூங்கில் வெட்டப் போயிருந்தார். போகும்போது சட்டியைக் காட்டி, “அண்ணாச்சி, செத்த பாத்துக்கிடுங்க. வறட்டி இந்தா இருக்கு. நெருப்பு கண்ண மூடிரப்படாது” என்றார். அதற்குப் பிறகு கோமதி வந்தாள். அவன் மனைவி நேற்றிலிருந்து அழவில்லை. அழாத முகம் வீங்கியிருந்தது, அழுத முகத்தைவிட அதிகமாக. “ஏங்க, ஒண்ணே ஒண்ணு. இத மட்டும் அணையவிட்டுறாதீங்க” என்றாள். அவன் தலையாட்டினான். “சும்மா தலையாட்டாதீங்க. அப்பாவுக்கு அணைஞ்சுபோச்சுல்லா.” அவனுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். மாமனார் செத்தபோது மழை. தெருமுனை திரும்புமுன் சட்டி நனைந்து அவிந்துவிட்டது. தலைமாட்டு விளக்கிலிருந்து ஒரே ஒரு முறை எடுக்கிற நெருப்பு அது. தீக்குச்சியைக் கிழித்து மறுபடி மூட்டினால் செல்லாது. ஆனாலும் மூட்டினார்கள், வேறு வழி? அதற்கப்புறம் வருஷக்கணக்காகச் சங்கரபாண்டியன் விடியற்காலையில் எழுந்துபோய்க் கதவைத் திறந்து நிற்பார். தங்கையிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்: “அப்பா வாசல்ல வந்து நின்னு போர்வை கேக்காரு கோமதி. குடுத்தா கை நீட்டமாட்டேங்காரு.” இப்போது கோமதி சட்டியைப் பார்த்தபடி, “அண்ணன் குளிர்ல நிக்கப்படாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். போகும்போது அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தூத்துக்குடி ஆளிடம் மலையில் நெருப்பைக் கொடுத்திருக்கிறோமே என்ற பார்வை. அப்படி இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவன் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொள்வதில் அவன் கெட்டிக்காரன்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தில்தான் எல்லாம் தொடங்கியது. கல்யாணமான முதல் பொங்கலுக்கு இந்த வீட்டுக்கு வந்தபோது அவன் மேல் ஒரு பருத்திச் சட்டை, அதுவும் கை மடித்துவிட்டது. கூடம் நிறைய ஆள். சங்கரபாண்டியன் உள்ளே போய்த் தன்னுடைய பழைய சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கொண்டுவந்து அவன் தோளில் போட்டார். “போட்டுக்கிடுங்க மாப்ளே. யோசிக்காதீங்க, செத்தவன் சட்டை இல்ல. நான் உசுரோடதான் நிக்கேன்.” எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கிழவி, யாரென்று இன்றுவரை தெரியாது, “உப்பளத்து மாப்ளைக்கு மூக்குலயும் உப்புத்தண்ணி ஓடுதே” என்றாள். இன்னும் சிரிப்பு. உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஸ்வெட்டரை எடுத்தான், ஒழுங்காக மடித்தான், வெளியே வந்து, இதோ, இந்தக் கேட்டுப் பக்கத்துச் சுவரின் மேல் வைத்தான். “எனக்குக் குளிராது மச்சான்” என்றான். எத்தனையோ பேர் எத்தனையோ சபதம் செய்கிறார்கள், தலையை முடிவதில்லை என்கிறார்கள், தாடி எடுப்பதில்லை என்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் ஒரு முடிவு உண்டு. குளிராது என்று சொல்லிவிட்டவனுக்கு விடுதலையே கிடையாது. ஒவ்வொரு தையிலும் வந்தான். ஒவ்வொரு தையிலும் பருத்திச் சட்டை. சங்கரபாண்டியன் தினம் காலையில், மறுக்கப்பட்ட அதே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, குரங்குக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டு, எதிரில் இருக்கிற அந்த நாற்காலியில் உட்கார்ந்து, டீ டம்ளரை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டியபடி கேட்பார்: “குளிருதா மாப்ளே?” டம்ளரைப் பிடித்த இடதுகையில் மோதிர விரல் மட்டும் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், டீத் தொழிற்சாலையில் இலை உருட்டுகிற இயந்திரம் வாங்கிய காணிக்கை. “இல்ல மச்சான்.” “நல்லது.” அந்த ‘நல்லது’க்காகவே அவன் சாவதற்கும் தயாராக இருந்தான். ஆனால் சாகவில்லை, அறிவைப் பயன்படுத்தினான். கம்பளிக்குச் சூடு கிடையாதென்றால், கம்பளி செய்கிற வேலையை எது வேண்டுமானாலும் செய்யலாம். பேப்பர் செய்யும். மலைக்கு வரும் ஒவ்வொரு முறையும் மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்துக் கழிப்பறையில் புகுந்து, பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே நாளிதழ்களை அடுக்கிக்கொண்டான். அதிலும் ஒரு சாஸ்திரம் உண்டு. வழவழப்பான ஞாயிறு இணைப்பு உதவாது, வழுக்கி வயிற்றில் இறங்கிவிடும், சத்தமும் அதிகம். வரி விளம்பரப் பக்கம் உத்தமம். கசக்கி நீவினால் துணி மாதிரி படியும். கல்யாண விளம்பரம் முதுகுக்கு. கண்ணீர் அஞ்சலி நெஞ்சுக்கு. தலையங்கம் இருக்கிற பக்கம் எங்கே வைத்தாலும் ஒன்றுதான். காலுறைக்கு மேல் ரொட்டிப் பாக்கெட்டின் பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் இன்னொரு காலுறை. பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடியின் ஓரம். இந்த வீட்டுக்கு வந்தபின் சமையற்கட்டிலிருந்து திருடிய அவித்த உருளைக்கிழங்கு, சட்டைப் பைக்கு ஒன்றாக, பிற்பகலில் ஆறியதும் சாப்பிட்டும் விடலாம். வெயில் வாங்கிய சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, இயற்கையை ரசிப்பவன் போல் நிற்பது. பேசும்போது கையைக் கட்டிக்கொள்வது போல் அக்குளில் விரல்களைப் புதைப்பது. யாரும் பார்க்காதபோது சட்டைக் காலருக்குள் முகத்தை இறக்கித் தன் மூச்சைத் தானே குடிப்பது. இத்தனையும் ஒரு மனிதன் ஒரு ஸ்வெட்டருக்குக் கையை நுழைக்காமலிருக்க. நேற்றுக்கூட, சாவுச் செய்தி வந்து, கோமதி பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்க, மேட்டுப்பாளையத்தில் அவன் இறங்கிப் போய்ப் பேப்பர் வாங்கினான். யாருக்காக என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கிறவர் படுத்துவிட்டார். கேள்வியே இல்லாத இடத்துக்குப் பதிலை நெஞ்சில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

சட்டியில் ஏதோ உஸ் என்றது. அவன் குனிந்து பார்த்தான். மேலே இருந்த வறட்டி சாம்பல் பூத்திருந்தது, ஓரத்தில் மட்டும் சிவப்பு. அடுத்ததை எடுத்து வைக்க வேண்டியதுதான். கையைச் சுவர்ப்பக்கம் நீட்டினான், நீட்டிய கை அங்கேயே நின்றது. சுவரின் மேல் வறட்டிகள் வரிசையாகக் கிடந்தன. வரிசையாக அவன்தான் பரப்பியிருந்தான். இசக்கி அவற்றைக் கொட்டகைக்குள் சாக்கு மூடி வைத்திருந்தார். அவர் தலை மறைந்ததும் இவன் அத்தனையையும் எடுத்து, ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு, சுவரில் காயப்போட்டான். அவன் ஊரில் அப்படித்தான். அங்கே வெளியே வைத்த பொருள் காயும். ஈரம் என்பது பாத்திக்குள் கட்டிவைக்க வேண்டிய ஒன்று, விட்டால் பறந்துவிடும். வானத்துக்குக் கீழே ஒரு பொருளை வைத்தால் அது நனையும் என்பது அவன் புத்தியில் கிடையாது, அவன் அப்பன் புத்தியிலும் கிடையாது. எடுத்துப் பார்த்தான். அடிப்பக்கம் ஊறிய ரஸ்க் மாதிரி இருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. ஒன்றை வைத்துத்தான் பார்ப்போமே என்று வைத்தான்; சட்டி கோபமாகச் சீறி, மஞ்சளாகப் புகையைக் கக்கியது, சிவப்பில் பாதி மறைந்தது. பதறிப்போய் எடுத்தான், விரல் சுட்டது, சுட்டது சுகமாகவும் இருந்தது, அந்தச் சுகம் அவனைத் திடுக்கிட வைத்தது. இந்த நெருப்பில் குளிர்காயக் கூடாது. யாரும் சொல்லித்தந்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். இது இன்னொருவருடைய நெருப்பு. விரலை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே பார்த்தான், பார்த்தால் வெளியே இல்லை. பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவிட்டிருந்தது. எப்போது ஏறியது? சத்தம் போட்டுக்கொண்டா ஏறும். முதலில் எதிர்ச்சரிவின் தேயிலை போனது, பிறகு சாலை, பிறகு கேட்டின் கம்பிகள், அடியிலிருந்து ஒவ்வொன்றாக. திரும்பினான். வீடும் இல்லை. கூடத்து விளக்கு மட்டும் ஒரு அழுக்கு மஞ்சளாக, எவ்வளவு தூரத்தில் என்று சொல்ல முடியாமல் நின்றது. பெண்களின் ஒப்பாரி நின்றிருந்தது, அல்லது கேட்கவில்லை. கூப்பிடலாம். ‘கோமதி’ என்று ஒரு சத்தம் கொடுத்தால் ஓடி வருவாள். வந்து, சுவரைப் பார்ப்பாள். வறட்டியைத் தூக்கிச் சுவரில் வைத்தது யார் என்பாள். கேட்கக்கூட மாட்டாள், பார்ப்பாள், அவ்வளவுதான், பிறகு ஆயுள் முழுக்க விடியற்காலையில் எழுந்துபோய்க் கதவைத் திறப்பாள். அவன் பக்கத்தில் படுத்துக்கிடப்பான், அந்தக் கதவு திறக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. இந்தக் குடும்பத்தில் செத்தவர்கள் குளிருகிறது என்று வருகிறார்கள். வந்தால் கை நீட்டமாட்டார்கள். சட்டிக்குள் சிவப்பு ஒரு புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மேகத்தின் ஈரம் அதன் மேலும் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் இரண்டு கைகளையும் சட்டிக்கு மேல் கூரை மாதிரி பிடித்தான், காய்வதற்காக அல்ல, சத்தியமாக அல்ல. அப்படிப் பிடித்தபோது சட்டைக்குள் பேப்பர் சரசரத்தது.

முதல் தாளை உருவுவது புண்ணின் பழைய கட்டைப் பிரிப்பது போல் இருந்தது. மேல் பொத்தானைத் திறந்து, கழுத்து வழியாகக் கையை விட்டு, முதுகிலிருந்த கல்யாண விளம்பரங்களை இழுத்தான். அவன் உடம்புச் சூடு இன்னும் அதில் இருந்தது. நீளவாட்டில் கிழித்து, முறுக்கி, சிவப்பின் ஓரத்தில் வைத்து ஊதினான். தாள் பழுப்பானது, யோசித்தது, சட்டென்று பிடித்தது. மணமகன் தேவை, மணமகள் தேவை, எல்லாம் நீலமாக எரிந்தன. அந்தச் சுடரில் வறட்டியின் ஓரத்தை வாட்டினான். பேப்பர் எரிவது ஒரு நொடி, வறட்டி காய்வது ஒரு யுகம். இரண்டாவது தாள். தாள் போன இடத்தில் குளிர் வந்து உட்கார்ந்தது. ஒருவர் எழுந்துபோன இருக்கையில் அடுத்தவர் உட்காருவது போல, சிறிதும் தாமதிக்காமல். முதுகு முழுவதும் போனது. பிறகு விலாவில் இருந்தவை. பல் தானாக அடித்துக்கொண்டது, தாடையைப் பிடித்து நிறுத்தினான், அது கையையும் சேர்த்து ஆட்டியது. குளிர் என்பது ஒரு பொருளல்ல, சூடு இல்லாமைதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறான். அந்தப் பாடம் எழுதியவரை இங்கே உட்காரவைக்க வேண்டும். இது பொருள்தான். இதற்கு விரல்கள் இருக்கின்றன. புல்லின் மேல் நறநறவென்று சத்தம் கேட்டது. உறைபனியை மிதித்து யாரோ வருகிற சத்தம், வீட்டுப் பக்கத்திலிருந்து, அவசரமில்லாமல். கோமதி என்றால் வெறுங்காலோடு வருவாள். இது செருப்பு. சத்தம் எதிர் நாற்காலி வரைக்கும் வந்து நின்றது. நெல்லையப்பன் தலையைத் தூக்கவில்லை. தூக்கக் கூடாது என்று யோசித்து முடிவெடுத்ததாகவும் சொல்ல முடியாது. ஊதிக்கொண்டிருக்கிற நெருப்பிலிருந்து கண்ணை எடுத்தால் நெருப்பு போய்விடும் என்று அவனுக்குத் தோன்றியது, அதைப் பிடித்துக்கொண்டான்.

“சட்டிய இந்தப் பக்கம் திருப்புங்க மாப்ளே. காத்து அங்ஙனயிருந்து அடிக்கு.” திருப்பினான். சுடர் நிமிர்ந்தது. அவன் வாயிலிருந்து மூச்சு வெள்ளைப் புகையாகச் சட்டியைத் தாண்டிப் போயிற்று. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. “எம்புட்டு பேப்பரு மிச்சம் இருக்கு?” அவன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். “கொஞ்சம் இருக்கு” என்றான். சொன்னபிறகுதான் பேப்பர் விஷயம் தெரிந்துபோனது உறைத்தது, இருந்திருந்து அந்த நேரத்தில் அவனுக்கு வெட்கம் வந்தது, பயத்துக்கு முன்னால் வெட்கம். “உங்களுக்கு எப்படி...” “மொத வருசமே தெரியும். நீங்க கையத் தூக்கினா அச்சாபீஸ் ஓடுத மாதிரில்லா சத்தம் கேக்கும். பேச்சிட்ட சொல்லி தெனம் கெழங்கு அவிக்கச் சொன்னதாரு? இந்த வீட்ல எவனுக்குக் கெழங்கு பிடிக்கும்?” நெல்லையப்பன் அடுத்த தாளைக் கிழித்தான். கோணலாகக் கிழிந்தது. “தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா மச்சான்.” “சொன்னா அடுத்த தைக்கு வரமாட்டீங்களே.” மேகம் இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே மெல்ல நகர்ந்தது. சட்டியும் சுடரும் மட்டும் உலகத்தில் மீதியிருந்தன. “ரெண்டு கம்பளி போத்திவிட்டிருக்கா. பாரமாத்தான் இருக்கு. கதகதன்னு ஒண்ணும் இல்ல.” “கம்பளிக்குச் சூடு கிடையாது மச்சான்” என்றான் நெல்லையப்பன், தன்னையறியாமல். “அதான பாத்தேன்” என்றது குரல், நீண்ட நாள் சந்தேகம் தீர்ந்தது போல. பிறகு, சற்றுத் தயங்கி: “கொஞ்சம் கைய நீட்டிக்கிடட்டுமா?” வாசலில் நின்ற மாமனாருக்கு யாரும் இதைக் கொடுக்கவில்லை என்று தோன்றியது. போர்வை கொடுத்தார்கள், போர்வையைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். “உங்க நெருப்புதான மச்சான்” என்றான். மேகத்துக்குள்ளிருந்து இரண்டு கைகள் வந்து சுடருக்கு மேல் நின்றன. சாம்பல் நிற ஸ்வெட்டரின் கைநுனிகள், நூல் பிரிந்தவை. உள்ளங்கைகள் கீழ்நோக்கி. இடதுகையில் மோதிர விரல் மட்டும் தனியாக, விறைப்பாக, நெருப்பைத் தாண்டி அவனை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அந்த விரலைப் பார்த்தான். அதற்கு மேலே பார்க்கவில்லை. மேலே குல்லாவின் ஓரம் இருக்கும், குல்லாவுக்குள் முகம் இருக்கும், நேற்று வாயைக் கட்டியிருந்த துணியும் இருக்கும். அந்தத் துணியோடு எப்படிப் பேசுகிறார் என்று கேட்டது அவன் மூளையின் ஒரு மூலை. எந்தச் சபையிலும் தவறு கண்டுபிடிக்கிற மூலை அது. அதன் வாயை அவனே கட்டினான்.

நெஞ்சில் இருந்தது கடைசித் தாள். கண்ணீர் அஞ்சலிப் பக்கம். சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள், கீழே ‘உன் நினைவில் வாடும்’. அதை உருவியபோது அவன் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. சட்டை நனைந்த இலை போல் மார்பில் ஒட்டியது. நடுக்கம் நின்றுவிட்டது, நடுக்கம் நிற்பது நல்லதல்ல என்று எங்கோ படித்ததும் நினைவுக்கு வந்தது. தாளைக் கிழிக்க விரல் மடங்கவில்லை. மடங்காத விரல்கள். அவனுக்கும். “குளிருதா மாப்ளே?” என்றது குரல். ஒவ்வொரு தையிலும் கேட்ட அதே கேள்வி, அதே ஏற்றம், கடைசி எழுத்தில் அதே கேலி; கேலி என்றுதான் இத்தனை காலம் எடுத்துக்கொண்டிருந்தான். பதில் பழக்கத்தால் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இல்ல மச்சான். அதைச் சொன்னால் ‘நல்லது’ என்பார். என்றுவிட்டு எழுந்து போய்விடுவார். நெருப்புக்கு மேலிருந்த கைகள் கொஞ்சமும் நடுங்காமல் காத்திருந்தன. “குளிருது மச்சான்” என்றான் நெல்லையப்பன். “ரொம்பக் குளிருது. அன்னைக்கும் குளிரத்தான் செஞ்சுச்சு.” சொல்லி முடிக்குமுன் அழுகை வந்தது. அது சூடாக இருந்தது, கன்னத்தில் அது போகிற பாதை முழுக்கத் தெரிந்தது. “கொண்டாங்க” என்றது குரல். மடங்காத விரலுள்ள கை நீண்டு வந்து, அவன் கையிலிருந்த தாளை வாங்கி, கசக்கி, சட்டிக்குள் ஆழமாக, சுடுமே என்று ஒரு கணம்கூட எண்ணாமல், வறட்டிக்கு அடியில் திணித்தது. அத்தனை முகங்களும் ஒன்றாகப் பற்றின. வறட்டியின் ஓரம் காய்ந்து, கறுத்து, சிவந்தது. அந்தச் சிவப்பு ஊர்ந்து ஊர்ந்து நடுவுக்குப் போவதை அவன் பார்த்துக்கொண்டேயிருந்தான். இனி அணையாது. கீழே எங்கோ, மேகத்துக்குள், கார் ஹாரன் கேட்டது.

ஹாரன் கேட்டதும் அவன் தலையைத் தூக்கினான். வெயில் மலையைத் தாண்டியிருந்தது. மேகம் நூல் நூலாகப் பிரிந்து பள்ளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எதிர் நாற்காலி அங்கேயேதான் இருந்தது. அதன் இருக்கையில் இரவெல்லாம் படிந்த உறைபனி, ஒரு கீறல்கூட இல்லாமல், கொட்டி நிரவிய உப்புப் போல் வெள்ளையாக இருந்தது. நல்லது, என்று நினைத்தான் நெல்லையப்பன். குளிரில் மூளை உறைந்தால் இதெல்லாம் வரும், இதற்கும் விளக்கம் உண்டு, ஊருக்குப் போய்த் தேடிப் பார்க்கலாம். கேட்டில் செந்தட்டி இறங்கினான், விமானத்தில் கசங்கிய சட்டையோடு, “மாமா” என்று கையைப் பிடித்தவன் “ஐயோ, ஐஸு மாதிரி இருக்கீங்களே” என்று விட்டுவிட்டான். கோமதி ஓடி வந்தாள். முதலில் சட்டியைப் பார்த்தாள். நெருப்பு திகுதிகுவென்று கனன்றது. பிறகு சுவரின் மேலிருந்த ஈர வறட்டிகளைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவன் சட்டை முதல்முறையாக உடம்போடு ஒட்டி, எந்தச் சத்தமும் போடாமல் இருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள், நேற்றிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம்.

குளிப்பாட்டுவதற்காகச் சங்கரபாண்டியனை முற்றத்துக்குத் தூக்கி வந்தார்கள். மூங்கிலோடு வந்துசேர்ந்திருந்த இசக்கி கம்பளிகளை எடுத்தார். குல்லாவைக் கழற்றினார். ஸ்வெட்டரைக் கழற்றுவதற்குத்தான் நேரமானது. ஒவ்வொரு கையாக, விறைத்த விரல் மாட்டாமல், பொறுமையாக உருவி எடுத்து, எங்கே வைப்பதென்று பார்த்துவிட்டு, கேட்டுப் பக்கத்துச் சுவரின் மேல் வைத்தார். அந்தச் சுவருக்கு வெயில் இன்னும் வந்திருக்கவில்லை. நெல்லையப்பன் போய் அதை எடுத்தான். “அண்ணாச்சி, அது அவுக கூடப் போவ வேண்டியதுல்லா” என்றார் இசக்கி. பேச்சியம்மாக்கா, “போட்டுக்கிடட்டும்” என்றாள். அவன் வலது கையை நுழைத்தான், பிறகு இடது கையை. பொத்தான்களை மேலிருந்து கீழாகப் போட்டான். ஸ்வெட்டர் சூடாக இருந்தது.